மூக்கைப் பொத்திய குற்றம்

“பேச்சுவார்த்தை நடக்கும்போது மூக்கைப் பொத்தியிருக்கார். ஏன்னு கேட்டா, குரல் அழுகின முட்டை மாதிரி நாறுதாம்! எதிர்ல உக்காந்து பேசினது நான்தானே? வேலையை விட்டு அனுப்பாம, மெடலா குத்துவாங்க?” மேனேஜர் மேசையைத் தட்டினார்.

சங்கச் செயலாளர் விடவில்லை. முப்பது வருஷம் ஆலை வாசல் கூட்டங்களில் முழங்கிய தொண்டை அது.

“அவமதிப்பு இல்ல சார். அவருக்குப் பிறவியிலேயே அப்படி. காதுல விழுறது மூக்குல மணக்கும். சிலருக்கு எழுத்தெல்லாம் கலர் கலராத் தெரியுமாம். படிச்சிருக்கேன்.”

“பசை மெஷின்ல நிக்கிற ஆளு. பசை நாத்தத்துக்கு என் தொண்டையா கிடைச்சுது?”

அட்டைப்பெட்டி ஆலையில் பதினெட்டு வருஷமாகப் பசை மெஷின் ஓட்டும் அந்தத் தொழிலாளி, செயலாளர் பக்கத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றார்.

கடைசியில் இதைச் சோதித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர் அம்மா ஒருவர் வந்தார். ஆலையில் மேனேஜர், செயலாளர் உட்படப் பத்துப் பேர் குரலைப் பதிவு செய்தார். பேர் கிடையாது, நம்பர்தான். பசைக்காரர் ஒவ்வொன்றுக்கும் வாசனை சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வரிசையை மாற்றி மறுபடி கேட்டார்.

“பொய் சொல்றவங்களுக்கு முன்னாடி சொன்னது மறந்துடும். இவர் பத்துக்குப் பத்தும் அப்படியே சொல்லியிருக்கார். இது நிஜம்தான்” என்றார்.

செயலாளர் மார்பை நிமிர்த்தினார். “அழுகின முட்டை?”

“ரெண்டு தடவையும் நாலாம் நம்பர்.”

“அது யாருன்னு சொல்லுங்கம்மா!”

“பேர் எதுக்கு? நான் பார்த்தது...”

“அண்ணே, வேண்டாம், விடுங்க” என்று பசைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“சும்மா இருப்பா! முதலாளிவர்க்கத்தோட நாத்தம் ஊருக்கே தெரியட்டும். சொல்லுங்கம்மா!”

அம்மா பட்டியலைப் பார்த்தார். தயங்கினார்.

“ஐயா... அது நீங்க.”

“அப்ப நான்?” என்றார் மேனேஜர்.

“சோப்பு.”

“வாசனை சோப்புதானே?” மேனேஜர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. “என்னைச் சொல்லவே இல்லையே! நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுங்க.”

வெளியே வந்ததும் செயலாளர் குமுறினார்.

“அடப்பாவி! அன்னிக்கே என்னைக் கை காட்டியிருந்தா, உன் வேலைக்கு ஆபத்தே வந்திருக்காதே!”

“என் வேலை தப்பிச்சிருக்கும் அண்ணே. நீங்க பேச வந்தாலே எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிட்டா, மத்த முந்நூறு பேர் வேலைக்கு யார் பேசறது?”