மூலைக் கட்டடம்

"இது பழைய பேட்டரித் தொழிற்சாலை இருந்த இடம்தானே?" என்று வாடகைக்கு இடம் பார்க்க வந்த பெண் கேட்டதும் தொழிற்பேட்டை மேலாளர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இருபது கட்டடங்களில் பத்தொன்பது வாடகைக்குப் போய்விட்டன. மிச்சம் இந்த மூலைக் கட்டடம் ஒன்றுதான்.

"அது ஒரு காலம்மா. ஈயம் கலந்த மண்ணையெல்லாம் அள்ளிட்டாங்க. முன்னாடி இந்தத் தெருவுல ஈ, காக்கா எட்டிப் பார்க்காது. இப்போ நானூறு பேருக்கு இங்க வேலை. பஸ் வருது. எதிர்ல பூட்டிக் கிடந்த கடைங்களைக்கூடத் திறந்துட்டாங்க."

"எத்தனை அடி தோண்டினாங்க?"

"எட்டு அடி!" என்று குத்துமதிப்பாக அடித்துவிட்டார்.

"இந்த மூலையில மட்டும் பதினாலு அடி, சார்."

மேலாளர் பதறி எழுந்தார். "மேடம், மண் பரிசோதனை அதிகாரியா நீங்க?"

"ஐயோ, இல்ல சார். தோண்டின பொக்லைனை ஓட்டினதே நான்தான். இங்கதான் விஷம் அதிகம். சோதனையில சுத்தம்னு வர்ற வரைக்கும் தோண்டச் சொன்னாங்க. மூணாவது தடவைதான் வந்துச்சு. நல்ல மண்ணைக் கொட்டி மூடினதும் நான்தான்."

"அப்போ... இந்த இடம் வேணாமா?" மேலாளர் ஒப்பந்தத் தாளை மடிக்கப் போனார்.

"இதுதான் சார் வேணும். இங்க வேலைக்கு வர்றவங்களோட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்கப் போறேன்."

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"முதல்ல சேரப்போறது என் பொண்ணு!"