எதிர்க்கரைச் சுவர்

எங்கள் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் வேன் ஓடைக்கரைத் தெருவில் நின்றது. நாங்கள் தரும் கண்ணாடியை மாட்டினால், இருபது ஆண்டு கழித்து வரப்போகும் வெள்ளத்தை உங்கள் வாசலிலேயே பார்க்கலாம்.

செங்கமலம் அக்கா அதைத் தொடவில்லை. "பக்கத்துத் தெருவுல இதைப் பார்த்துப் பாதிப் பேர் பயந்து வீட்டை வித்துட்டாங்க. யார் அனுப்பின ஆளு தம்பி நீ?"

"யாரும் அனுப்பலக்கா. வெறும் கணக்குதான்."

கடைசியில் மாட்டிக்கொண்டார். அவர் வீட்டு ஜன்னல் வரை தண்ணீர். மெல்ல ஓடைக்கு அந்தப் பக்கம் திரும்பினார்.

"அங்க சொட்டுத் தண்ணி இல்லையே. பொட்டல்ல ஏது இவ்வளவு பெரிய சுவர்?"

இப்படிக் கேட்பவர்கள் அபூர்வம். உற்சாகமாக விளக்கினேன். "மழையை மட்டும் வச்சுக் கணக்குப் போட முடியாதுக்கா. அனுமதி வாங்கின கட்டடங்களையும் சேர்ப்போம். அங்க சுத்துச்சுவரோட அடுக்குமாடி வரப்போகுது. அந்தச் சுவர் தடுக்கிற தண்ணிதான் இங்க ஏறுது."

"சுவரை எடுத்துட்டுக் காட்டு."

கணக்கிலிருந்து எடுத்தேன். தண்ணீர் வாசற்படிக்குக் கீழேயே நின்றது.

"இன்னும் கட்டலையே?"

"அடுத்த மாசம்தான் ஆரம்பிக்கிறாங்க."

அக்கா கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை. அதோடு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வசந்தா, இதை மாட்டு. உன் வீட்டைப் பார்க்காதே. எதிர்க்கரையைப் பாரு."