ஃபில்டரைக் கழுவியவர்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லாரி ஓட்டுநர் ஆக்சிஜன் மிஷினின் மூடியில் கை வைத்தார். கையேட்டை எழுதியவள் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறக்கக்கூடாது. அது கம்பெனி விதி. சோதனைக்கு வருபவர் கையேட்டை மட்டும் நம்பி மிஷினைச் சுத்தம் செய்ய வேண்டும். அவர் தடுமாறினால் அவளுடைய மூன்று மாத உழைப்பு குப்பைக்கு.

புதிய ஆங்கிலக் கையேட்டில் ‘இட்’, அதாவது ‘அது’, என்ற சொல்லையே அவள் ஒழித்துக்கட்டியிருந்தாள். ‘கவர்’ என்ற மூடியோ ஃபில்டரோ, ஒவ்வொரு முறையும் முழுப்பெயர். ‘மட்டும்’ என்று பொருள்படும் ‘ஒன்லி’கூட எந்தச் சொல்லுக்கு உரியதோ அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

“ஒரே பக்கத்துல பதினாலு தடவை ‘கவர்’னு வருது. இது கையேடா, ஏலமா?” என்று மேலாளர் காலையில்தான் கிண்டலடித்திருந்தார்.

இந்த ஓட்டுநரைத்தான் அழைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான்.

பழைய கையேடு, மூடியிலிருந்து ஃபில்டரைக் கழற்றி ‘அதை’க் கழுவச் சொன்னது. ஒரு வருடத்துக்கு முன் அதைப் படித்த அவர் ஃபில்டரைக் கழுவினார். கழுவ வேண்டியது மூடியை.

ஊறிப்போன ஃபில்டரால் மிஷின் நின்றுவிட்டது. அவர் மனைவி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். புகார்ப் பதிவேட்டில் காரணம் ஒரே வரி: பயன்படுத்தியவரின் தவறு.

இப்போது அவர் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். ஃபில்டரை எடுத்து உலர்ந்த துணிமேல் வைத்தார். மூடியை மட்டும் குழாயடிக்குக் கொண்டுபோனார்.

ஒன்பதாவது நிமிடத்தில் மிஷின் சீராக இரைந்தது.

ஓட்டுநர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். “ஒரு வருஷமா என் பொண்ணு என்னை மிஷின் பக்கமே விடலம்மா. இன்னைக்கு வீட்டுக்குப் போய் நானே கழுவுறேன்.”

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பதினாலு கவரில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காத பெருமை.

பழைய கையேட்டில் யார் பெயரும் கிடையாது. அதை எழுதியது யாரென்று இரண்டு வருடத்துக்கு முன் வந்த மேலாளருக்கும் தெரியாது.

அவள் பதிவேட்டை வரவழைத்தாள். ‘பயன்படுத்தியவரின்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘எழுதியவரின்’ என்று திருத்தினாள்.

பிறகு, அந்த எழுதியவர் யாரென்று படிக்கிற யாருக்கும் சந்தேகம் வராதபடி, பக்கத்திலேயே தன் முழுப்பெயரை எழுதினாள்.