தொப்புள் காயாத குட்டி

"தொப்புள் காஞ்சது வேணாம்ணே. நேத்துப் பொறந்ததா இருக்கணும்."

கேட்டவனைச் சதாசிவம் ஏற இறங்கப் பார்த்தார். யாருடையதையோ மாட்டிக்கொண்டு வந்ததுபோல் தொளதொளத்த கால்சட்டை. மேலெல்லாம் கற்பூர வாடை. இந்த மூஞ்சிக்கெல்லாம் போவா பாம்பு வளர்க்கும் ஆசை வந்துவிட்டதே என்று இருந்தது அவருக்கு.

பினாங்கில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கிய போவா ஜோடி, ஜெலாப்பாங்கில் அவர் வீட்டுக் கொல்லையில் வளர்ந்தது. முந்தின நாள்தான் பெண் பாம்பு ஒரு பிஸ்கட் தகரம் நிறையக் குட்டி போட்டிருந்தது.

"கடிக்குமான்னு கேப்பான், என்னா திங்கும்னு கேப்பான். தொப்புளைக் கேட்ட மொத ஆளு நீதான்யா. தொட்டில் கட்டப் போறியா?"

அவன் கோபப்படவில்லை. "இது முட்டையிலேருந்து வந்தது இல்லையே?"

"போடோ மாதிரி, மடையனாட்டம் கேக்காதலா. எஸ்டேட்ல கெடக்குற மலைப்பாம்புதான் முட்டை போட்டு அடைகாக்கும். இது வெளிநாட்டுச் சாதி. நேரா குட்டிதான்."

சதாசிவம் கொழுத்த குட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். கண் தெளிவாக இருந்தது, நாக்கு துறுதுறுவென்று நீண்டது, வால் அவர் விரலை இறுக்கிப் பிடித்தது. பாம்பு பார்க்கத் தெரிந்தவன் இதை விடமாட்டான்.

அவனோ ஒவ்வொரு குட்டியாக மல்லாத்தி வயிற்றையே பார்த்தான். கடைசியில் சோனியாக ஒன்றை எடுத்தான். தொப்புளில் ஈரம் இருந்தது. வால் நுனி செங்கல் நிறம்.

"நம்மூரு மலைப்பாம்பு சாடையும் இருக்கு. இதே போதும்ணே."

சதாசிவம் கூசாமல் இரட்டை விலை சொன்னார். அவன் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, குட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினான். முட்டாப்பயல் என்று அவன் காதில் விழும்படியே சொன்னார் சதாசிவம்.

இப்படி நாலு முட்டாள்கள் வந்தால் போதும். ஈப்போ டவுனில் கண்ணாடிக் கூண்டு வைத்துக் கடை போட்டுவிடலாம். கடைக்கு முன்பணம், மனைவி நவமணியின் கழுத்துச் சங்கிலி. சனிக்கிழமை அடகுக்கடைக்குப் போகலாம் என்று ஒரு வருடம் கெஞ்சி அவளைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

நவமணி கொல்லைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமையானால் பிள்ளை வரம் கேட்டு, பால் செம்போடு சுங்கை சிப்புட்டுக்குப் பஸ் ஏறிவிடுவாள். அங்கே பழைய ரப்பர் எஸ்டேட் அம்மன் கோயிலில் ஒரு மலைப்பாம்பைக் கூண்டில் வைத்துக் கும்பிட்டார்கள். அது வெறும் பாம்புதான் என்று இவளிடம் படித்துப் படித்துச் சொல்லிச் சதாசிவத்துக்கு அலுத்துப்போயிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். முகத்தில் அப்படியொரு களை.

"என்னா, ஒங்க பாம்பு இன்னிக்காச்சும் பாலைக் குடிச்சிச்சா, இல்ல பூசாரி குடிச்சானா?"

"சிரிக்காதீங்க. இன்னிக்கு எஸ்டேட்டே அங்கதான் நின்னுச்சு. மலைப்பாம்பு முட்டை போடாம குட்டி போட்டிருக்குங்க. பூசாரி கையில ஏந்திக் காட்டுனாரு. தொப்புளு கூடக் காயலை."

சதாசிவம் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார்.

"வாலு நுனி செவப்பா இருந்துச்சா?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" நவமணியின் கண் கலங்கியது. "நம்பாத மனுசனுக்கே அம்மன் காட்டிட்டா, பாத்தீங்களா. அடுத்த தொட்டில் ஒனக்குத்தான்னு பூசாரி என்னைப் பாத்துத்தாங்க சொன்னாரு."

அவள் முந்தானையை விலக்கினாள்.

"அங்கேயே சங்கிலியைக் கழட்டிக் குடுத்துட்டேன்."