நாலு நல்ல வார்த்தை

சிறைச்சாலையின் சந்திப்பு அறையில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அக்காவும் வக்கீலம்மாவும் ஒரே ரிசீவரில் ஆளுக்கொரு காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் தூக்குத் தண்டனை பெற்ற தம்பி. ஜன்னல் கம்பிகளின் நிழல் மூவர் மீதும் கோடு கோடாக விழுகிறது. கருணை மனு நாளைக்குள் போயாக வேண்டும். வக்கீலம்மா பேனாவைத் திறக்கிறார். “தம்பியப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கக்கா.” அக்கா மோவாயைச் சொறிகிறாள். மேற்கூரையைப் பார்க்கிறாள். “நல்லா சாப்பிடுவான்.” பேனா அசையவில்லை. “வேற?” “வேற என்ன? என் புது சைக்கிளக் குளத்துல தள்ளினவன்.” கண்ணாடிக்குப் பின்னால் தம்பி துள்ளி எழுகிறான். “நான் தள்ளலக்கா! அதுவா உருண்டு போச்சு!” “ஆமாடா, சைக்கிளுக்கு நீச்சல் கத்துக்க ஆசை!” இந்தப் பக்க மூலையில் நிற்கும் காவலர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்புகிறார், அவர் தோள்கள் குலுங்குகின்றன. “பிரேக்கே பிடிக்காத வண்டி. இத்தனை வருஷமா எம்மேல பழி!” தம்பியின் கழுத்து நரம்பு புடைக்கிறது, கண்ணில் சிரிப்பு. வக்கீலம்மா பெருமூச்சு விட்டு, ‘குடும்பத்தாரிடம் மிகுந்த பாசம் கொண்டவர்’ என்று எழுதுகிறார். மணி அடிக்கிறது. ரிசீவர் ஊமையாகிறது. அந்தப் பக்கக் காவலர் தம்பியின் தோளைத் தொடுகிறார். அக்கா ரிசீவரை வக்கீலம்மாவின் மடியில் போட்டுவிட்டு எழுந்து, மூச்சுப் பட்டு மங்கிய கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தித் துடைக்கிறாள். அவன் முகம் தெளிவாகத் தெரிந்ததும் கத்துகிறாள்: “அடுத்த வாரம் வந்து உன்னக் கவனிச்சுக்கறேன்! அதுவரைக்கும் உயிரோட இருந்து தொலைடா!”