தெரியாதுன்னு சொல்லுங்க

"எங்கே, இன்னொரு தடவை சொல்லுங்க."

"எனக்குத் தெரி... தெரி..." ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரருக்கு அதற்குமேல் நாக்கு புரளவில்லை. விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, காலையிலிருந்து மனைவி அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போன காவலர், பொய்சாட்சிக்கு ஒத்திகை என்று நினைத்து முறைத்துவிட்டுப் போனார்.

உண்மையில் அதில் பொய்யே இல்லை. எண்ணெய்த் தீயை அணைக்க இருபத்தாறு வருஷம் அவர் பீய்ச்சிய நுரையில் விஷம் இருந்தது, போன வருஷம் அவருடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்த டாக்டர் சொல்லித்தான் அவருக்கே தெரியும். ஆனால் மனுஷர் எதையும் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. அந்த டாக்டரிடமும், "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றுதான் சொன்னார். தீயணைப்பு நிலையத்தில் அவருக்குப் பெயரே 'அப்பவே அண்ணன்'.

"சார், விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டிருக்கணும். அப்பவே தெரியும்னு வாயை விட்டீங்கன்னா, வைத்தியத்துக்கு ஒரு காசு வராது" என்று அவருடைய வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நுரைக் கம்பெனிக்காரங்க தங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. தெரிஞ்சேதான் வித்தாங்கன்னு காட்ட நம்மகிட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை."

உள்ளே நுரைக் கம்பெனியின் வக்கீலும், அந்த நுரையைத் தயாரித்த ரசாயன நிபுணரும் உட்கார்ந்திருந்தார்கள். பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் தட்டச்சு செய்ய ஒரு பெண் இருந்தாள். மின்விசிறி சுவிட்சைத் தேடி ஊழியர் தடுமாறினார்.

"இடதுபக்கம் மூணாவது. வந்ததுமே பார்த்துட்டேன்" என்றார் நிபுணர்.

அப்பவே அண்ணன் அவரை ஒருவிதப் பாசத்தோடு பார்த்தார்.

"நுரை ஆபத்துன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?" கம்பெனி வக்கீல் தேன் ஒழுகக் கேட்டார். "நீங்க எவ்வளவு பெரிய அனுபவசாலி. உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

அண்ணனின் மார்பு விரிந்தது. மேசைக்கு அடியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் குதிகால் அவருடைய கட்டைவிரலை நசுக்கியது.

"எனக்குத் தெரியாதுங்க."

சொல்லியே விட்டார். சிறுநீரகத்தை எடுத்தபோதுகூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

எதிரே நிபுணர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அண்ணனுக்கு நன்றாகப் பழக்கம். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்து அவரே சிரித்த சிரிப்பு அது.

"எனக்கு மட்டும் இல்லைங்க" என்றார் அண்ணன் படுபணிவாக. "பாவம், இந்த சாருக்கே தெரியலை. இவ்வளவு படிச்சும், தன் கையால செஞ்ச நுரையில என்ன இருக்குன்னு புரியாமலே..."

கம்பெனி வக்கீல் பதறிப்போய் நிபுணரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். நிபுணர் உதறிவிட்டு எழுந்தே விட்டார்.

"யாருக்குத் தெரியாது? அது எங்களுக்கு அப்பவே தெரியும்."