ஒரு சாண் மேலே

சுரங்கப்பாதைச் சுவரில் பெயிண்டர் புதுக் கோடு இழுத்து முடிக்கும்வரை பேருந்து காத்திருந்தது.

பழைய சிவப்புக் கோட்டின் மேல் காலையிலேயே சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. புதியது அதற்கு ஒரு சாண் மேலே.

தண்ணீர் கோட்டைத் தொட்டால் உள்ளே வண்டியை விடக் கூடாது என்பது விதி. போன மழைக்கு ஒரு பேருந்து பாதி வழியில் அணைந்துபோனது. கதவு திறக்கவில்லை. கண்ணாடியை உடைத்துத்தான் ஆட்களை எடுத்தார்கள். இரண்டு பேரை உயிரோடு எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த விதி, அதற்குப் பிறகு வந்த கோடு.

இந்த வருடம் வானம் யாரையும் கேட்காமல் கொட்டியது. வாரம் தவறாமல் தண்ணீர் கோட்டைத் தொட்டது, பேருந்து நின்றது, ஊர் திட்டியது. மேலிடம் கூடிப் பேசியது. வாய்க்காலைத் தூர்வாரலாமா, பெரிய பம்பு வைக்கலாமா என்று நாள்கணக்கில் யோசித்தது. கடைசியில் மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாக, கோட்டை உயர்த்துவது என்று முடிவெடுத்தது.

புகையைக் குறைக்க என்று பேட்டரிப் பேருந்து வாங்கியதும் அதே மேலிடம்தான். சத்தம் இல்லை, ஏற எளிது, நல்ல வண்டிதான். ஆனால் அதன் தரை பழைய வண்டியைவிட ஒரு சாண் தாழ்வு. பேட்டரியும் இருக்கைக்கு அடியில்.

வண்டியைத் தாழ்த்தினார்கள், கோட்டை உயர்த்தினார்கள். இரண்டுக்கும் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

ஓட்டுநர் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி புதுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பணிமனையில் அவருக்குப் பெயர் பிரேக் அண்ணன். கோழி ரோட்டைத் தாண்டலாமா என்று யோசித்தாலே வண்டியை நிறுத்திவிடுவார் என்று கேலி செய்வார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் விழாமல் காலமெல்லாம் ஓட்டியதற்குக் கிடைத்த பட்டம்.

அதனால்தான் இன்று புதுக் கோட்டுக்கு முதல் ஆளாக, பேட்டரிப் பேருந்தோடு அவரைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். பிரேக் அண்ணனே தண்ணீரைத் தாண்டிப் போய்விட்டால் அப்புறம் எந்த ஓட்டுநர் வாயைத் திறப்பான்?

வண்டி நிறைய வேலை விட்டு வீடு திரும்புகிறவர்கள். அவருக்கு நேர் பின்னால் மருமகள், அவள் மடியில் தூங்கும் பேத்தி. மாமா ஓட்டும்போது என்ன பயம் என்று மருமகள் பக்கத்து சீட்டுக்காரியைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியில் பேத்தியைப் பார்த்தார்.

கோட்ட அதிகாரி மேட்டில் நின்றார், ஷூ நனையாத தூரத்தில். குடையை இன்னொருவர் பிடித்திருந்தார், பக்கத்தில் ஒரு புகைப்படக்காரர். கோட்டத்துக்கு அதிகாரியா, கோட்டுக்கு அதிகாரியா என்று பணிமனையில் ஏற்கெனவே பேச்சு கிளம்பியிருந்தது.

சாரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டால் போட்டோ நன்றாக வருமே என்று ஓட்டுநர் பணிவாகவே கேட்டுப் பார்த்தார். தனக்கு அவசர மீட்டிங் இருப்பதாக அதிகாரி சொன்னார். அவருடைய கார் மேம்பாலத்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அவர் தலை கரையில் இருந்தது.

பெயிண்டர் கோட்டை முடித்துப் பிரஷைச் சுவரிலிருந்து எடுத்தார். புகைப்படக்காரர் தயாரானார். அதிகாரி கையை அசைத்தார்.

அப்போதுதான் வாய்க்கால் பக்கமிருந்து தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்ற பெயிண்டரின் தொடைக்கு ஏறியது. ஏறியது இறங்கவில்லை. புதுக் கோட்டின் ஈரச் சிவப்பு நீரின் மேல் படலமாக மிதந்தது.

ஓட்டுநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விதி விதிதான். இனி எவனும் ஒன்றும் கேட்க முடியாது. சாவியைத் திருகி வண்டியை அணைத்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சார், தண்ணி கோட்டைத் தொட்டுடுச்சு."

அதிகாரி அவர் பக்கமே பார்க்கவில்லை. பெயிண்டரை அருகில் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

பெயிண்டர் தயங்கினார். வண்டியையும் உள்ளே இருந்த முகங்களையும் ஒரு தடவை பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். தோளில் கிடந்த துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் இறங்கினார்.

காயாத பெயிண்ட். அழுத்தித் துடைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சிவப்பு இளஞ்சிவப்பானது, பிறகு வெறும் சுவரானது.

அதற்குப் பிறகுதான் அதிகாரி ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தக் கோடு?"